பாம்புக்கு வேலை வாங்கிக் கொடுத்த வேபிரிட்ஜ் மாஸ்டர்

யோகா சொல்லித்தருகிறவர்கள் நாட்டில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். ஆனால் ஒரு நல்ல பாம்பை, தேர்வாய் கண்டிகை என்ற ஊரிலுள்ள கம்பெனியில் காண்டிராக்ட் வேலைக்குச் சேர்த்துவிட்டவர், எனக்குத் தெரிந்து, வேபிரிட்ஜ் மாஸ்டர் ஒருவர்தான்.

அவருடைய உண்மையான பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் லாரிகளை ஏற்றி எடைபோடும் மேடை ஒன்றில் அவருக்கு வேலை. அதனால் வேபிரிட்ஜ். காலையில் பிள்ளைகளுக்கு யோகா. அதனால் மாஸ்டர். கூரியர்காரர்கூட இந்த இரண்டு சொல்லையும் சேர்த்துச் சொல்லித்தான் வீட்டை விசாரிப்பார்.

எடை மேடையில் ஒரு வழக்கம் உண்டு. லாரி ஏறி நின்றதும் டிரைவர் இறங்கிவிட வேண்டும். திரையில் எண் மேலும் கீழும் துடித்துக்கொண்டிருக்கும். வண்டி ஆட்டம் அடங்கிய பிறகுதான் எண் நிற்கும். நின்ற பிறகுதான் அவர் பட்டனை அமுக்குவார். இருபது வருடம் இதையே செய்ததில், உலகத்தையே அவர் மேடையில் ஏற்றித்தான் பார்த்தார். வணக்கம் சொன்னால் பதிலுக்கு எடை சொல்வார். "சார், அறுபத்தெட்டு. போன மாசம் அறுபத்தாறுல இருந்தீங்க." ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை பந்திக்குப் போகும்போது ஒருமுறை பார்த்தார், திரும்பி வரும்போது ஒருமுறை பார்த்தார். பக்கத்திலிருந்த பெண்ணின் அப்பாவிடம், "லோடு ஒண்ணே கால் கிலோ" என்றார். அந்த மனிதர் அன்று முழுவதும் மாப்பிள்ளையைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டூலில் உட்கார்ந்தே அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மீஞ்சூரில் நடந்த இலவச யோகா முகாமில் பன்னிரண்டு நாள் போய்க் கற்றுக்கொண்டு வந்தார். ஆசனங்களின் பெயர்கள் பதின்மூன்றாம் நாளே மறந்துவிட்டன. முதுகு மட்டும் சரியாகிவிட்டது.

நாங்கள் ஒரே வீட்டில் குடியிருந்தோம். முன்பகுதியில் வீட்டுக்காரர் சரோஜாக்கா, நடுவில் நான், பின்னால் மாஸ்டர். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்வதற்காக மொட்டை மாடிக் கதவின் சாவியை அக்கா அவரிடம் கொடுத்திருந்தார். ஒருநாள் காலை மாடியில் சுவரோரம் தலைகீழாக நின்றுகொண்டிருந்தவரை எதிர்வீட்டு மாடியிலிருந்து ஜெனிஃபர் பார்த்துவிட்டாள். இரும்பு ரோலிங் மில்லில் வேலை செய்யும் ஒருவரின் மகள். எட்டு வயது.

"அங்கிள், இன்னா வுழுந்துட்டீங்களா?"

"இல்லம்மா. நான் வவ்வாலு."

"அப்புறம்?"

அந்த 'அப்புறம்'தான் எல்லாவற்றுக்கும் காரணம். மறுநாள் ஜெனிஃபர் இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மாதம் முடிவதற்குள் பதினான்கு பேர். அவர்களுக்கும் வேறு போக்கிடமில்லை. தெருவை டிரெய்லர் லாரிகள் அடைத்துக்கொண்டிருந்தன. தெருமுனைக் காலி மனையில் இரும்புக் கழிவு மலைபோல் குவிந்திருந்தது.

இந்த இடத்தில் என் நிலைமையையும் சொல்லிவிட வேண்டும். எனக்குச் சென்னையில் ஒரு தினசரியில் இரவுப் பணி. முதல் மின்சார ரயிலைப் பிடித்து வீடு வந்து, ஆறு மணிக்குப் படுப்பேன். ஆறரைக்கு என் கட்டிலுக்கு நேர் மேலே வகுப்பு தொடங்கும். ஆகவே யோகாவோடு சேர்த்து மாஸ்டர் சொன்ன கதைகளில் பெரும்பாலானவற்றை நான் படுத்தபடியே, கூரை வழியாகத்தான் கேட்டேன்.

கதை அவருடையது என்று சொல்வதும் தவறு. தொடக்கம் மட்டும்தான் அவருடையது. முக்கால்வாசி வாக்கியத்தில் நிறுத்தி, "இப்ப இன்னா பண்ணலாம்?" என்பார். பிள்ளைகள் கையைத் தூக்கி முடிவு செய்வார்கள். அது எவ்வளவு விபரீதமான முடிவானாலும் ஏற்றுக்கொள்வார். கதையில் யார் வருகிறார்களோ அவர்களாக உடம்பை வளைத்து நிற்க வேண்டும். அவர்களுடைய சிக்கல் தீரும்வரை கலையக் கூடாது. இதுதான் அவருடைய யோகா.

பாம்பு அப்படித்தான் வேலைக்குப் போனது. பதினான்கு பேரும் குப்புறப் படுத்து, தலையையும் மார்பையும் தூக்கி, தேர்வாய் கண்டிகை கம்பெனி வாசலில் நின்றார்கள்.

"செக்யூரிட்டி கேக்குறாரு, ஐடி கார்டு எங்கப்பா?"

"கழுத்துல மாட்டிக்கிது மாஸ்டர்!"

"பாம்புக்கு ஏதுடா கழுத்து?"

"இதோ!" என்று இன்னும் இரண்டு அங்குலம் தூக்கியிருப்பார்கள் போலிருக்கிறது. மூச்சிரைப்பு கீழே எனக்குக் கேட்டது.

"செரி, உள்ள வுட்டுட்டாரு. வெரல் வெக்கிற மெஷின் கீது. பாம்புக்கு வெரல் இல்ல. இப்ப இன்னா பண்ணலாம்?"

உடனே ஜெனிஃபரின் குரல். "நாக்க வெக்கட்டும்."

பதினான்கு நாக்குகள் நீண்டனவாம். மெஷின் முதல் தடவை ஏற்கவில்லை. இரண்டாம் தடவையும் ஏற்கவில்லை. அந்த மெஷின்களின் குணம் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் என்பதால், மூன்றாம் தடவைக்கு நாக்கைச் சட்டையில் துடைத்துவிட்டு வைத்தார்கள். அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வருகைப் பதிவு எடுத்தபோது, எங்கள் தெருப் பிள்ளைகள் 'பிரசன்ட் மிஸ்' சொல்லாமல் நாக்கை நீட்டினார்கள் என்று புகார் வந்தது.

பாம்புக்காவது பரவாயில்லை. பூநாரை விஷயம் இன்னும் மோசம்.

பழவேற்காட்டிலிருந்து வந்த பூநாரை ஒன்று, சென்னைக்குப் போவதற்காகப் பிளாட்பாரத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது.

"அதுக்கு ரெக்க கீதே மாஸ்டர், பறந்து போலாமே?" என்றான் ஒரு பையன்.

"சீசன் டிக்கெட் எடுத்துடுச்சுடா. வேஸ்ட்டாப் பூடும்ல?"

பதில் எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. ரயில் வந்தால்தான் பூநாரை காலைக் கீழே வைக்கும் என்று பிள்ளைகள் கையைத் தூக்கி முடிவு செய்தார்கள். எங்கள் தெரு முடிகிற இடத்தில் நிஜ ரயில் பாதை. நிஜ ரயிலின் ஹாரன்தான் கணக்கு. பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குள் ஏதாவது ஒரு வண்டி போய்விடும். ஒருநாள் சிக்னல் கோளாறு. ஒரு வண்டியும் வரவில்லை. பிள்ளைகள் வலது காலில் நின்றார்கள், இடது காலுக்கு மாறினார்கள், மீண்டும் வலது காலுக்கு வந்தார்கள். தாய்மார்கள் கீழிருந்து கூப்பிட்டார்கள். "ட்ரெயின் இன்னும் வரலம்மா!" என்று மேலிருந்து பதில் வந்தது. கடைசியில் ஸ்கூல் வேன் வந்து ஹாரன் அடித்தது. வேன் ரயிலாகாது என்று பெரும்பான்மை தீர்ப்பு. அன்று பதினான்கு பேரும் மாடிப்படியில் நொண்டியபடியே இறங்கி, நொண்டியபடியே வேனில் ஏறினார்கள். டிரைவர் எல்லாருக்கும் காலில் அடிபட்டுவிட்டதாக நினைத்துப் பதறிப்போனார்.

இதற்கிடையில் ஒரு காலை தவளைக் கதை. பதினான்கு தவளைகளும் ஒரே நேரத்தில் குளத்தில் குதித்தன. கூரையிலிருந்து ஒரு கைப்பிடிக் காரை பெயர்ந்து என் மார்பில் விழுந்தது. நான் எழுந்துபோய்ச் சரோஜாக்காவிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். "மேலே குதிக்கிறார்கள், காரை விழுகிறது." அவ்வளவுதான் சொன்னேன்.

சரோஜாக்காவுக்குப் பொன்னேரிப் பக்கம் நெல் வயல் உண்டு. எதையும் நெல்லை வைத்தே யோசிப்பவர். மாஸ்டரைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்தினார்.

"இந்தா மாஸ்டரு, விதை நெல்லுக்கே மூட்டையில சான்று அட்டை கட்டித்தான் விக்கிறான். நீ இன்னா படிச்சிட்டு வந்து சொல்லித் தர்ற?"

"பன்னெண்டு நாளு போனேன்க்கா."

"பன்னெண்டு நாள்ல நாத்துகூட வராது. பொன்னேரியில புள்ளைங்களுக்கு யோகாப் போட்டி நடக்குதாம். போய் ஒரு கப்பு வாங்கிக்கினு வா. பேப்பர்ல சர்டிபிகேட்டெல்லாம் வாணாம், அத்த யாரு வேணா அடிச்சுக் குடுப்பான். கப்பு. இல்லாங்காட்டி மாடி சாவிய இங்க வெச்சிடு. ஊடு இடிஞ்சா யாரு கட்டித் தருவா?"

கோப்பை வந்தால் மாடி, இல்லாவிட்டால் வகுப்புக்கு மூடுவிழா. மாஸ்டர் தலையாட்டினார். மறுநாளிலிருந்து பெயர்கள் படிக்கும் வேலை தொடங்கியது. ஒரு நோட்டில் பெயர்களை எழுதிவைத்து உரக்க வாசித்தார்.

"விருட்சாசனம்!"

"அது யாரு மாஸ்டர்?" என்றாள் ஜெனிஃபர். "இன்னா வேலை செய்யறாரு?"

"அது ஆளு இல்லம்மா. மரம்."

"எந்த ஊர் மரம்? எதுக்கு நின்னுக்கினு கீது?"

மாஸ்டர் நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார். அவருக்குள்ளிருந்த எடைத் திரையில் எண் துடித்துக்கொண்டே இருந்தது, நிற்கவில்லை.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொன்னேரியில் ஒரு மண்டபத்தில். ஜெனிஃபரும் இன்னும் நான்கு பேரும் போனார்கள். எனக்கு வார விடுமுறை, நானும் போயிருந்தேன். காரை விஷயத்தில் என் மனசு கொஞ்சம் உறுத்திக்கொண்டிருந்தது. என் பக்கத்து நாற்காலியில் சரோஜாக்கா, மடியில் எலுமிச்சைச் சோற்று டப்பாவோடு. கோப்பை வருகிறதா இல்லையா என்று தன் கண்ணால் பார்க்க வந்திருந்தார்.

நடுவர் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, கழுத்தில் விசில். விதியை வாசித்தார். ஆசனத்தின் பெயரைச் சொல்வார், விசில் அடித்தால் செய்ய வேண்டும், மறுவிசிலுக்குக் கலைய வேண்டும். பயிற்சியாளர்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் உட்கார வேண்டும். வாய் திறந்தால் அணி வெளியே. மாஸ்டர் முன்னெச்சரிக்கையாகக் கைக்குட்டையை மடித்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

"புஜங்காசனம்." விசில்.

மற்ற ஆறு அணிகளும் குப்புறப் படுத்தன. எங்கள் ஐந்து பேரும் அவர்களை ஒரு நொடி பார்த்தார்கள். ஜெனிஃபரின் முகம் மலர்ந்தது. "நம்ம பாம்புடா!" என்று சொல்லிப் படுத்தாள். மிகச் சரியான பாம்புகள். நடுவர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே அவர்கள் எதிரே வந்து குனிந்தார். ஐந்து பேரும் நாக்கை நீட்டினார்கள். நடுவர் நிமிர்ந்தார். அவர்கள் நாக்கைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி நீட்டினார்கள். நடுவர் தாளில் எதையோ எழுதினார். நெடுநேரம் எழுதினார்.

"விருட்சாசனம்." விசில்.

முப்பத்தைந்து பிள்ளைகள் ஒற்றைக் காலில் நின்றார்கள். எங்கள் ஐவரும் அசைவில்லாமல் நின்றார்கள். இருபது வருட எடைமேடை அனுபவம் அதில் தெரிந்தது. மறுவிசில் அடித்தது. மற்ற முப்பது பேரும் காலைக் கீழே வைத்தார்கள். எங்கள் ஐவர் வைக்கவில்லை.

"போதும்மா, கால் வைக்கலாம்" என்றார் நடுவர்.

"இன்னும் வரல சார்" என்றாள் ஜெனிஃபர்.

"யார் வரல?"

"ட்ரெயின்."

மண்டபத்துக்கும் ரயில் பாதைக்கும் நடுவே பாதி ஊர் இருந்தது. ஹாரன் சத்தம் அங்கே கேட்க வழியே இல்லை. நடுவர் இன்னொரு விசில் அடித்தார். பூநாரைகள் அசையவில்லை. இதைப் பார்த்த பக்கத்து அணிக்காரர்கள், நேரத்துக்கு மதிப்பெண் போலிருக்கிறது என்று நினைத்து மீண்டும் காலைத் தூக்கிவிட்டார்கள். அவர்களைப் பார்த்து அடுத்த அணி. அரை நிமிடத்தில் மண்டபம் மொத்தமும் மறுபடி ஒற்றைக் காலில் நின்றது. நடுவர் விசிலை அடித்துக்கொண்டே அங்குமிங்கும் ஓடினார். ஓர் அணியை உட்கார வைத்தால் இன்னோர் அணி எழுந்து நின்றது.

ஜெனிஃபரின் கால் நடுங்கத் தொடங்கியது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஆனாலும் அவள் காலை இறக்கவில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் பாதி எழுந்து நின்றார். ஒரு சொல் சொன்னால் பிள்ளைகள் காலை இறக்கிவிடுவார்கள். சொன்னால் அணி வெளியே, மாடியும் போயிற்று. அவருடைய கை கைக்குட்டையை உருவுவதற்காக வாய்வரை வந்துவிட்டது.

"அய்யய்யோ, புள்ள வுழுந்துடும்யா" என்றார் சரோஜாக்கா. டப்பாவை என் மடியில் வைத்தார். எழுந்து நின்றார். இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, "பாஆஆஆம்!" என்று மின்சார ரயில் மாதிரியே முழங்கினார். தாம்பரம்வரை போகிற வண்டியின் சத்தம் அது.

"வந்துடுச்சுடா!" என்று ஐந்து பேரும் காலைக் கீழே வைத்து, ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். மண்டபமே உட்கார்ந்தது.

நடுவர் விதித்தாளை எடுத்துப் புரட்டினார். பயிற்சியாளர் பேசக் கூடாது என்று இருந்தது. வீட்டுக்காரர் ரயிலாகக் கூடாது என்று எங்கும் இல்லை. அணியை வெளியேற்ற முடியவில்லை. ஆனால் நாக்குக்கும், விசிலை மதிக்காததற்கும் மதிப்பெண் போய்விட்டது. ஏழு அணிகளில் ஏழாம் இடம். ஆளுக்கொரு பங்கேற்புச் சான்றிதழ். கோப்பை இல்லை.

மறுநாள் காலை மாஸ்டர் சாவியைக் கொண்டுபோய்ச் சரோஜாக்கா வீட்டு ஜன்னல் கட்டையில் வைத்தார்.

"நீதான் ரயிலு மாதிரி கூவுன, நீயே சாவிய வாங்கிக்கிறியான்னு கேக்க மாட்டியா?" என்றார் அக்கா. கேட்டால் நன்றாக இருக்கும் என்பதுபோல் இருந்தது குரல்.

"நம்பர் நின்னுட்டா நின்னதுதான்க்கா. டிரைவரு அழுதாலும் மாத்த மாட்டேன். எனக்குன்னா மட்டும் மாத்துவேனா?"

அன்று மாடியில் சத்தமில்லை. ஒன்பது மணிவரை தூங்கினேன். மறுநாளும் சத்தமில்லை. ஆனால் வாசலில் கிசுகிசுப்பு கேட்டு எழுந்து வந்தேன். பதினான்கு பேரும் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார்கள்.

"அங்கிள்" என்றாள் ஜெனிஃபர். "பாம்புக்கு வேலை பர்மனென்ட் ஆவுமா ஆவாதான்னு கம்பெனி எச்.ஆர். ஆபீசரு திங்கக்கெழம சொல்றேன்னாரு. திங்கக்கெழம பூடுச்சே. உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. எனக்கும் தெரிந்தாக வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. நேராகச் சரோஜாக்காவிடம் போனேன்.

"அக்கா, காரை விழுவதாகச் சொன்னேனே, அது பழைய காரை. யாரும் குதிக்காவிட்டாலும் விழும்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அன்னிக்கு வேற மாரி சொன்ன?"

"அன்றைக்குத் தூக்கக் கலக்கம். தவறான தகவல். வருந்துகிறேன்."

"எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தேன். பத்திரிகையில் வரும் 'திருத்தம்' போல மூன்று வரி. அக்கா அதை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தார். சாவியை என் கையில் திணித்தார்.

"நீயே போய்க் குடு தம்பி. நான் குடுத்தா, கூவுனதுக்கோசரம் குடுத்துட்டான்னு தெருவே சிரிக்கும். புகார் குடுத்தவன் வாபஸ் வாங்கிக்கினான், அதான் குடுத்தேன்."

சாவியை வாங்கிக்கொண்ட மாஸ்டர், "சார், அறுபத்தேழு. ஒரு கிலோ எறங்கிட்டீங்க" என்றார். சாவியோடு மாடிப் பக்கம் நடந்தார். அவர் பின்னால் பிள்ளைகள் படியேறினார்கள். அந்த வீட்டில் மூன்று வருடம் குடியிருந்தும் அந்த நேரத்தில் நான் மாடிக்குப் போனதே இல்லை. அன்று நானும் ஏறினேன்.

மாஸ்டர் முதலில் செய்த வேலை விசித்திரமாக இருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்தார். கைப்பிடிச் சுவரிலிருந்து அடியடியாக அளந்துபோய், மண்டியிட்டு, தரையில் ஆள் நீளத்துக்கு ஒரு கட்டம் போட்டார். அதற்கடியில் பழைய கோடுகளின் மிச்சம் மங்கலாகத் தெரிந்தது. தினமும் அழிந்து, தினமும் போட்ட கோடுகள். பிள்ளைகள் அதைச் சுற்றி நுனிக்காலில் நடந்துபோய் அந்தப் பக்கம் வரிசையாக நின்றார்கள்.

என்னவென்று பார்க்க நான் கிட்டப் போனேன்.

"அங்கிள், அதுல கால் வெக்காதீங்க!" என்று ஜெனிஃபர் ரகசியக் குரலில் அதட்டினாள். "உள்ள கரடி தூங்குது."

"எந்தக் கரடி?"

"பேப்பர் ஆபீஸ் கரடி. நைட் ஷிப்ட்டு. பாவம், இப்பத்தான் வந்து படுத்துச்சு."

சுவரையும் தண்ணீர்த் தொட்டியையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கட்டம் என் கட்டிலுக்கு நேர் மேலே, ஓர் அங்குலம் பிசகாமல் இருந்தது. தவளை குதித்த அந்த ஒரு நாளுக்குப் பிறகு என் மேல் காரையே விழவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு மாதமாக அதை நான் கவனிக்கவில்லை.

மாஸ்டர் என்னைப் பார்க்காமல் சாக்பீஸ் தூளைக் கையிலிருந்து தட்டிக்கொண்டிருந்தார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"கரடி எழுந்து மாடிக்கே வந்துடுச்சு. இப்ப இன்னா பண்ணலாம்? நம்ம கூட சேத்துக்கலாமா?"

பதினான்கு கைகளும் உயர்ந்தன. நான் செருப்பைக் கழற்றினேன்.